ஊரெல்லாம் கேட்ட மணி

உப்பாற்றுவிளையில் புறாக்கள் மனிதர்களைவிட நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கப்பலில் வந்து இறங்கும் கோதுமையைக் குவித்து வைத்திருந்த ஏழு கிடங்குகளின் தகரக் கூரைகளும் புறா எச்சத்தால் வெள்ளையடித்துக் கிடந்த காலத்தில், வெடியும் வைக்கோல் பொம்மையும் மினுக்கும் நாடாவும் எதுவும் பலிக்காமல் போய், கடைசியில் அந்தப் புறாக்களை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர் வேதமாணிக்கம். அவருக்கு ஐம்பத்தாறு வயது, ஒரு வல்லூறு, ஒரு நாய், ஒரு மனைவி, இரண்டு காதுகள். இவற்றில் காதுகளைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தன.

செவிடு என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. லாரி வந்தால் கேட்கும், இடி இடித்தால் கேட்கும், மேனேஜர் சங்கரலிங்கம் ஆறாம் நம்பர் கிடங்கில் நின்று கட்டைக் குரலில் திட்டினால் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். கேட்காதவை எல்லாம் சன்னமானவை: கொசு, தேன்சிட்டு, செல்போன், ஜெபக்கனி. ஜெபக்கனி அவருக்குக் கழுத்தை நீட்டி முப்பது வருடம் ஆகிறது. அவள் பேசுவதில் பாதியைக் காதாலும் மீதியை அனுபவத்தாலும் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் அகப்படாததற்கு "தெரியும், தெரியும்" என்று சொல்லிச் சமாளித்துவந்தார். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது என்று கண்டுபிடித்ததற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு. பின்னாளில் இந்தக் கதையை அவரே டீக்கடையில் சொல்லும்போது, "புத்திசாலிக்கு ஆயிரம் வார்த்தை வேணும்வே, மடையனுக்கு ஒண்ணு போதும்" என்பார்.

வல்லூற்றின் பெயர் சேபா. வேதத்தில் சாலொமோனைப் பார்க்க ஒட்டகங்களோடு வந்த ராஜஸ்திரீயின் ஊர்ப் பெயர். அதை வைத்துக்கொள்ள வனத்துறை கொடுத்திருந்த அனுமதிக் காகிதம் அவருடைய கல்யாணப் பத்திரிகையைவிடப் பெரியது. பருந்து என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். அதனால் ஊர் அவருக்கு முன்னால் வல்லூறு என்றும் பின்னால் பருந்து என்றும் சொல்லிப் பழகியிருந்தது. தினமும் காலையில் சேபாவைத் தராசில் நிறுத்தி எடை பார்ப்பார். எடை கூடினால் பசியில்லாமல் எங்கேயாவது போய்விடும், குறைந்தால் பிழைக்காது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பிடிக் காடைக்கறியில்தான் அவருடைய பிழைப்பும் இருந்தது, பிரியமும் இருந்தது. "மஸ்கட்ல இருக்கிற மகனை ஒருநாளாவது இப்படி நிறுத்துப் பாத்திருப்பியளா?" என்று ஜெபக்கனி கேட்பாள். "தெரியும், தெரியும்" என்பார்.

வல்லூற்றின் காலில் மணி கட்டுவது அழகுக்கு இல்லை. புறாவை அடித்துத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் உள்ள முள் அடர்ந்த உடைமரக் காட்டுக்குள் அது இறங்கிவிட்டால், தலையை ஆட்டும்போதும் கால் மாற்றும்போதும் எழுகிற சத்தம்தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காலுக்கு ஒன்றாக இரண்டு மணி. இரண்டும் ஒரே சுருதியாக இருக்கக் கூடாது, ஒன்று மற்றதைவிட இம்மி தாழ்ந்திருந்தால்தான் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வெகுதூரம் போகும். இதற்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. மணியைப் பறவையின் காலுக்குப் பார்த்து வாங்குவதில்லை, பறவைக்காரனின் காதுக்குப் பார்த்து வாங்குவது. செருப்பு மாதிரி அவனவன் அளவு அவனவனுக்கு. அளவு பார்க்க, பறவைக்காரன் முதுகைக் காட்டி நின்று ஒரு கையைத் தூக்க வேண்டும். இன்னொருவர் மணியைக் குலுக்கிக்கொண்டே விலகி விலகிப் போக வேண்டும். சத்தம் எப்போது நின்றுபோகிறதோ அப்போது கையை இறக்கிவிட வேண்டும். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும். ஐம்பது தாண்டிய ஆணுக்குத்தான் கஷ்டம், அதில் கையை இறக்க வேண்டியிருக்கிறது.

பழைய மணிகள் விரிசல் விட்டதும் பன்னிரண்டு ஜோடி மணிகள் பார்சலில் வந்தன. முதல் ஜோடி தடிமனானது. ஜெபக்கனி அதைக் குலுக்கிக்கொண்டு உப்பு அம்பாரம் வரை போய்த் திரும்பினாள். கடைசி வரை வேதமாணிக்கத்துக்குத் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. கேட்டதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கிழட்டுக் காதுக்குக் கட்டை மணி என்பது பறவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கட்டிப் பறக்கவிடுவதும் தன் காது போய்விட்டது என்று தட்டி எழுதி மாட்டுவதும் ஒன்று. "இதென்ன, பள்ளிக்கூட மணியா? அந்தக் கடைசி ஜோடியை எடு புள்ள" என்றார். கடைசி ஜோடி சுண்டைக்காய் அளவு. அவள் குலுக்க ஆரம்பித்ததும் அவருக்குக் கேட்டது கச்சான் காற்று மட்டும்தான். ஆனால் எதிரில் அவர்கள் வீட்டு நாய் பிஸ்கோத்து உட்கார்ந்திருந்தது. மணி குலுங்கும்போதெல்லாம் அதன் காதுகள் தூக்கிக்கொண்டன. நாயின் காது நின்றவரை வேதமாணிக்கத்தின் கையும் நின்றது. முந்நூறு அடி போனாள், ஐந்நூறு அடி போனாள், அம்பாரத்தைத் தாண்டிக் கருவாட்டுக் கொட்டகை வரை போனாள். இந்த மனுசனுக்கு என்ன காது என்று வியந்துகொண்டே திரும்பி வந்தாள். "தேன்" என்றார் வேதமாணிக்கம். "காதுல தேன் வார்த்த மாதிரி இருக்கு." இப்படியாக, உலகத்திலேயே முதல்முறையாக ஒரு வல்லூற்றின் மணி நாய்க்கு அளவெடுத்து வாங்கப்பட்டது.

மணி கட்டிய மூன்றாம் நாள், ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நாலாம் நம்பர் கிடங்குக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த சேபா இறக்கையை ஒடுக்கிக்கொண்டு புறாக்களை நோக்கித் தலைகீழாக விழுந்தது. பாதி வழியில் பறவை வருவதை நிறுத்திக்கொண்டது, சத்தம் மட்டும் தொடர்ந்து இறங்கி வந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பதினாறு பேரும் பார்த்தார்கள். சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்தது போல வானத்தில் பறவை இல்லாமல் போக, மணிச் சத்தம் களத்தை ஒருமுறை சுற்றி, வேதமாணிக்கத்தின் தலையை இருமுறை சுற்றி, அவருடைய இடது தோளில் வந்து அமர்ந்தது. பதினாறு பேரும் மூட்டையை இறக்கி வைத்துப் பார்த்துவிட்டு, லாரிக்கு நேரமாகிவிட்டதால் மறுபடியும் தூக்கிக்கொண்டார்கள். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா, ஒரு பறவை மறையக் கூடாதாக்கும்?" என்றார் அவர்களின் தலைவர் அந்தோணிமுத்து. பிறகு வேதமாணிக்கத்திடம் வந்து, "அண்ணாச்சி, மணி இங்கன உங்க" என்று ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும்" என்றார் வேதமாணிக்கம், பறவை மறைந்ததை மட்டும் கண்டவர். மணி எங்கே கேட்கிறது என்று இன்னொருவன் வந்து தனக்குச் சொல்வதா? காடைக்கறி கட்டிய கயிற்றைச் சுழற்றிக்கொண்டு உடைமரக் காட்டைப் பார்த்து நடந்தார். இடது தோளில் சத்தமும் கூடவே போனது.

உப்பாற்றுவிளை இதை ஒரு புது டவுன் பஸ் வந்ததைப் பழகிக்கொள்வது போலப் பழகிக்கொண்டது. உருவம் இல்லாத சத்தத்திடமிருந்து எந்தப் பக்கம் தப்பித்து ஓடுவது என்று தெரியாமல் இரண்டே நாளில் புறாக்கள் ஊரைக் காலி செய்தன. மேனேஜர் சங்கரலிங்கம், தீனி வேண்டாம், கூண்டு வேண்டாம், சத்தம் ஒன்றே போதும் என்று தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினார். வேதமாணிக்கம் தெருவில் நுழைவதற்கு முன்பே கோழிக்குஞ்சுகள் கூடைக்குள் ஓடின, ஆகவே கோழி வளர்ப்பவர்கள் குஞ்சு அடைக்கிற வேலையை அவர் நடக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அம்மன் கோயிலில் அது அம்மனின் காற்சிலம்பு என்றார்கள், தேவாலயத்தில் அது வேறொன்று என்றார்கள். பாட்டுக்கு நடுவில் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுத் தாளத்தைக் கெடுத்ததும் இரண்டு தரப்பும் உரிமையைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தன. பரிசுத்த ஸ்தலத்துக்குள் வேட்டைப் பறவையின் சத்தம் வரலாமா என்று சபைக் கமிட்டி கூடி, உருவம் இல்லாதபடியால் எச்சமிடாது என்று கண்டு அனுமதித்தது. டவுன் பஸ்ஸில் அவருக்கு இடப்பக்கத்துச் சீட்டைக் காலியாக விட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி நின்றுகொண்டு வருவதைப் பார்த்து, "உக்காரும்மா" என்றார் ஒருநாள். "இல்ல மாமா, அது இருக்கட்டும்" என்றாள் அவள். தெரியும், தெரியும் என்று தலையாட்டினார், என்ன தெரியும் என்று தெரியாமலே.

அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கே போனாலும் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள். சலூனில் பார்த்தார்கள், ரேஷன் கடை வரிசையில் பார்த்தார்கள், ஜெபம் பண்ணுகிறபோது ஒற்றைக் கண்ணைத் திறந்து தேவாலயத்து ஐயரே பார்த்தார். போச்சு, நம்ம காது விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று நினைத்தார் வேதமாணிக்கம். ஆகவே யாராவது தன்னைப் பார்த்தால் உடனே தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, வெறும் வானத்தைக் காட்டி, "தேன்" என்பார். அவர்களும், "ஆமா அண்ணாச்சி, தேன்தான்" என்பார்கள். இத்தனை வயதுக்கு ஒரு மனிதன் இவ்வளவு நன்றாக நடிப்பான் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் பானை கழுவிக்கொண்டே ஜெபக்கனி, "ஏங்க, அதை எத்தனை நாளுக்குத் தோள்லயே வச்சிருப்பிய? இறக்கி ஒருவாய் திங்க விட மாட்டியளா?" என்று கேட்டாள். முதுகு காட்டி நின்றவளின் வாய் தெரியாததால் அவர் தன் பதிலையே சொன்னார். அவளும் இது ஏதோ பறவையைப் பழக்குகிற வித்தை என்று விட்டுவிட்டாள். பறவை விஷயத்தில் தலையிடக் கூடாது என்று சேபா வந்த அன்றைக்கே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனாலும் மனசு கேட்காமல் அவர் படுக்கும் பாய்க்கு இடது பக்கம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். காலையில் அதில் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஒன்பதாம் நாள், டீ மாஸ்டர் ஆசீர்வாதம் பாய்லருக்குப் பின்னாலிருந்து தன் கனத்த குரலில் சொன்னார்: "சத்தம் மெலிஞ்சிட்டே வருது, கவனிச்சியளா? முந்தாநாள் இருந்ததுல பாதிகூட இல்ல."

"தெரி" என்று ஆரம்பித்த வேதமாணிக்கத்துக்கு மீதி வார்த்தை வரவில்லை. மணி மெலியாது. அது வெண்கலம். அதைக் குலுக்குகிற கால் அல்லவா மெலியும்? ஒன்பது நாளாக இரை இல்லை. ஊரில் அடிப்பதற்குப் புறாவும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் குறையும் என்று அவருக்கு மனப்பாடம். தராசு இல்லாமலே மனதில் எடை போட்டுப் பார்த்தார். சேபா எங்கேயோ ஒரு முள்ளில் கால்வார் சிக்கித் தொங்குகிறது, கூப்பிடுகிறது, ஊருக்கெல்லாம் கேட்கிறது, கூப்பிடப்பட்டவனுக்குக் கேட்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

அன்றும் மறுநாளும் உடைமரக் காட்டை அங்குலம் அங்குலமாகத் தேடினார். சட்டை கிழிந்தது, முழங்கை கிழிந்தது. யாரிடமாவது போய் "எங்கே கேட்குது?" என்று கேட்டால் வேலை முடிந்தது, இரண்டே வார்த்தை. அதைக் கேட்பதற்காகவே அந்தோணிமுத்துவின் வீடு வரை போய், அவர் வெளியே வந்ததும், "உம்ம மக பரீச்சை எப்படி எழுதியிருக்கா?" என்று கேட்டார். நன்றாக எழுதியிருப்பதாக அவர் சொன்னார். திரும்பி வரும் வழியில் தன்னைத்தானே செருப்பால் அடிக்கலாம் என்று தோன்றி, செருப்பும் காட்டிலேயே அறுந்து விழுந்துவிட்டதைப் பார்த்து, அதற்குக்கூட வக்கில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி சத்தத்தைப் பார்வையிட வந்தார். கிடங்கு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஊரே கூடியிருந்தது. வேதமாணிக்கம் கையுறையை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பையில் அன்றைக்கு அறுத்த காடையோடு நடுவில் நின்றார். இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை.

"வேதமாணிக்கம், அது இப்ப எங்க இருக்குன்னு மேடத்துக்குக் காட்டும்வே" என்றார் மேனேஜர்.

வேதமாணிக்கம் தலையைச் சாய்த்தார். கண்ணைப் பாதி மூடினார். ஒரு வல்லூறு உட்கார நியாயமான இடம் எது என்று யோசித்து, நாலாம் நம்பர் கிடங்கின் கூரை முனையில் சுழலும் காற்றுப்போக்கியை நோக்கிக் கையை நீட்டி, "அதோ" என்றார்.

அந்தோணிமுத்து கூரை முனையைப் பார்த்துத் திரும்பினார். ஆசீர்வாதம் திரும்பினார். பதினாறு பேரும், பஸ் கண்டக்டரும், ஐயரும், கமிட்டிக்காரர்களும், கோழிக்காரிகளும், வேறு எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தத்தை விட்டுவிட்டு, ஒன்றும் இல்லாத ஒரு கூரை முனையைப் பயபக்தியோடு பார்த்தார்கள். "ஆமா, அங்கதான்" என்று யாரோ சொன்னார்கள். அதிகாரி வேதமாணிக்கத்தின் தோளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மரியாதை தெரிந்த பெண்ணாகையால் அவரும் கூரையைப் பார்த்தார்.

ஜெபக்கனி மட்டும் திரும்பவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவருடைய இடது தோளையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தனக்காக இருநூறு பேர் பொய் சொல்கிறார்கள், தன் மானத்தைக் காப்பாற்ற இந்த ஊர் ஒரு உயிரைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறது என்று விளங்கியது. அவமானமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தார். இப்போது வந்தது அவமானம் இல்லை, வெட்கம். அந்த வெட்கம் சுகமாகக்கூட இருந்தது. நீட்டிய கையை இறக்கினார்.

"எனக்குக் கேக்கல" என்றார். "முத நாள்லருந்தே கேக்கல. எங்க இருக்கு, ஜெபா?"

அவள் ஓடிவந்து, தன் வாய் அவருக்குத் தெரியும்படி முகத்துக்கு நேராக நின்றாள். "உங்க இடது தோள்ல. பதினோரு நாளா அங்கனதான் இருக்கு. இப்ப ரொம்ப லேசாக் கேக்கு. சீக்கிரம்."

பையைத் திறந்து, கறியைக் கையுறையின் மேல் வைத்து, இடது தோளுக்கு முன்னால் நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "வா தாயி" என்றார். "காது கேக்காத பயகிட்ட வந்து மாட்டிக்கிட்ட. வா." பிறகு கையின் மேல் ஒரு பாரம் வந்து இறங்கியது. பாரம் என்று சொல்லக் கூடாது; எழுநூறு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்நூறுகூட இல்லை என்று அவருடைய மணிக்கட்டு சொன்னது. கறி நார் நாராகப் பிரிந்து காற்றுக்குள் போனது. முதல் வாய் விழுங்கியதும் அலகு தெரிந்தது, இரண்டாம் வாய்க்குக் கண் தெரிந்தது, அப்புறம் கழுத்து, மார்பு, ஒட்டிப்போன வயிறு, கடைசியில் மஞ்சள் கால்கள், அவற்றில் சுண்டைக்காய் அளவு இரண்டு மணிகள். வேதமாணிக்கம் எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார். ஊர் அதையும் பார்த்துக்கொண்டு நின்றது.

மூக்கைச் சிந்தி முடித்ததும் அவர் ஜெபக்கனியைக் கேட்டார்: "சத்தம் எப்படி இருக்கு?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் தரையைப் பார்த்தது.

"சொல்லு புள்ள. இன்னும் என்ன இருக்கு?"

"பழையபடி காதுக்குள்ள ஊசியை விட்டுக் கிண்டுன மாதிரி இருக்குங்க" என்றாள். "பதினோரு நாளா ஊருல ஒரு ஆளு தூங்கல."

மேனேஜர் சங்கரலிங்கம் மெதுவாகத் தன் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அதைப் பார்த்து அந்தோணிமுத்து எடுத்தார். ஐயர் எடுத்தார். வரிசையாக அத்தனை பேரும் எடுத்தார்கள்.

"ஏன்வே, ஒருத்தனாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தோம் அண்ணாச்சி" என்றார் அந்தோணிமுத்து. "நீங்கதான் தெரியும், தெரியும்னியளே."

வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. கை குலுங்கியதில் சேபா தின்பதை நிறுத்திவிட்டு அவரை முறைத்தது. சிரித்து முடித்துவிட்டு, கையை ஜெபக்கனிக்கு முன்னால் நீட்டி, "கழத்து" என்றார். யாரோ ஒரு கத்தரிக்கோல் கொடுத்தார்கள். அவள் ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரை வெட்டினாள், பிறகு மறு வாரை வெட்டினாள், இரண்டு மணிகளையும் உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் மூச்சை விட்டது. ஆசீர்வாதம் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார்.

வேதமாணிக்கத்துக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்ட பழைய வார்த்தையை விழுங்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நின்னுட்டா?" என்று கேட்டார்.

"நின்னுட்டு" என்றாள் ஜெபக்கனி, அவருக்குக் கேட்கும்படி.